சடையாண்டி போட்ட பன்னிரண்டு குழிகள்

மந்தைக்குறிச்சி எங்கே இருக்கிறது என்று கேட்டால் வழி சொல்வது கொஞ்சம் சிரமம். முன்பு மெயின் ரோட்டில் 'மந்தைக்குறிச்சி 3 கி.மீ.' என்று ஒரு பலகை இருந்தது. மழையில் நனைந்து வீணாகிறதே என்று ஊர்க்காரர்கள் அதைப் பிடுங்கிக்கொண்டு வந்து, ஊர் நடுவில் பத்திரமாக நட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து சந்தைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் ஊருக்குள் வந்து, பலகையைப் பார்த்து, இன்னும் மூன்று கிலோமீட்டர் இருக்கிறதே என்று பெருமூச்சு விட்டபடி நடையைக் கட்டுவார்கள். கண்மாயைத் தாண்டிப் பாறைக்காடு வரை போவார்கள். அங்கே ஊரைக் காணாமல் திரும்பி வருவார்கள். இதில் யாருக்கும் வருத்தமில்லை. நடந்தால் உடம்புக்கு நல்லதுதானே.

ஆகாயமித்திரன் வந்ததும் அந்தப் பலகையால்தான். ஆதிமனிதர்களுக்கு வேற்றுக்கிரகத்துக்காரர்கள் வந்து தொழில் சொல்லிக்கொடுத்தார்கள் என்று வீடியோ போடுகிறவர் அவர். வேறு ஏதோ ஊருக்குக் கிளம்பி, வழி தப்பி, பலகையைப் பார்த்து, ஒழுங்காக மூன்று கிலோமீட்டர் நடந்து பாறைக்காட்டில் போய் நின்றார். அங்கே ஒரு பெரிய கல். கல்லின் முதுகில் வரிசையாகப் பன்னிரண்டு குழிகள். அவருக்கு மூச்சே நின்றுவிட்டது.

அந்தக் குழிகளைப் போட்டவர் சடையாண்டி. இதில் மர்மம் ஒன்றும் கிடையாது. அவர் கல்தச்சர். பெண் குழந்தை பிறந்த அன்றே ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்து, அதில் வரிசையாகக் குழி போட்டு வைப்பது அவர்கள் வீட்டு வழக்கம். அவள் கல்யாணத்துக்கு முந்தி அந்தக் குழிகளில் இரும்பு ஆப்பு இறக்கி அடித்தால் கல் கோடு கிழித்த மாதிரி பிளந்துகொள்ளும். பிளந்த துண்டில் அப்பன் தன் கையால் அம்மி கொத்த வேண்டும். மணமேடையில் பெண் அந்த அம்மியைத்தான் மிதிக்க வேண்டும். சடையாண்டியின் ஒரே மகள் செவ்வந்திக்கு ஆவணியில் கல்யாணம். இன்னும் இருபது நாள்தான் இருந்தது. உளியும் சம்மட்டியும் எடுத்துக்கொண்டு சடையாண்டி பாறைக்காட்டுக்குப் போன அதே காலையில்தான் ஆகாயமித்திரனும் அங்கே நின்றுகொண்டிருந்தார்.

ஊர்த்தலைவர் வெள்ளைக்கண்ணு அம்பலம் பக்கத்தில் கைகட்டி நின்றார். ஆடு மேய்க்கிற உடையப்பன் வழக்கம்போல அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"குழிகளுக்கு நடுவுல இருக்கிற இடைவெளியைப் பாருங்க. எல்லாம் ஒரே அளவு. மனுஷக் கையால இது முடியவே முடியாது," என்றார் ஆகாயமித்திரன்.

"நாலு விரக்கடைங்க," என்று சடையாண்டி விரலை நீட்டிக் காட்டினார். "நான்தான் போட்டேன்."

"எப்போ?"

"எம் மக பொறந்த அன்னைக்கு."

ஆகாயமித்திரன் அவரைப் பரிவோடு பார்த்தார். "அப்படின்னு உங்களை நம்ப வச்சிருக்காங்க."

"யாருங்க?"

"அதைத்தான் ஆராயணும். சரி, பன்னெண்டு குழிக்கு மேல ஏன் இல்லை?"

"பதிமூணாவது போடறதுக்குள்ள வீட்டுல சாப்பிடக் கூப்பிட்டாங்க."

"பன்னெண்டு ராசி!" என்று ஆகாயமித்திரன் கேமராவைப் பார்த்துச் சொன்னார். பிறகு அம்பலத்தின் தோளில் கைவைத்து, "இந்த இடம் இப்ப எப்படி இருக்கோ அப்படியே இருக்கணும். நான் திரும்பி வர்ற வரைக்கும் ஒரு துரும்புகூட மாறக்கூடாது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் உடையப்பன் கல்லைவிட்டு இறங்கக் காலைத் தொங்கப்போட்டார்.

"ஏய், ஏய்! எங்கே இறங்குறே?" என்று அம்பலம் அலறினார். "அவரு சொன்னப்ப நீ எங்கே இருந்தே?"

"கல்லு மேல."

"அப்ப அங்கேயே இரு."

உடையப்பன் யோசித்துப் பார்த்தார். நியாயமாகத்தான் பட்டது. காலை மேலே இழுத்துக்கொண்டார். அந்த நேரத்தில் ஒரு வெள்ளாடு கல்லுக்கு வலப்பக்கம் நின்றதால் அதையும் அதே இடத்தில் கட்டிப்போட்டார்கள். மூன்றாம் நாள் ஆடு குட்டி போட்டது. முதலில் இல்லாத குட்டியை அங்கே வைத்திருக்கலாமா என்று ஊர் கூடிப் பேசி, குட்டியைத் தூரத்தில் தள்ளிக் கட்டினார்கள். பால் குடிக்க அது அங்கிருந்தே கத்தியது. ஆட்டை அசைக்கக்கூடாது, குட்டி வரக்கூடாது என்பதால், உடையப்பனின் சம்சாரம் பாலைக் கறந்து கொண்டுபோய்க் குட்டிக்குக் கொடுத்தாள். நடுவில் ஒருநாள் மழை பெய்தது. ஆகாயமித்திரன் சொன்னபோது வெயில் அடித்ததே என்று ஊரே பதறி, கல்லுக்கு மேலே தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்றது.

நாள் ஓடிக்கொண்டிருந்தது. சடையாண்டி கல்லுக்குப் பக்கத்தில் உளியோடு போனாலே நாலு பேர் மறித்தார்கள். "வேற கல்லுல கொத்திடட்டுமா?" என்று அவர் மெல்லக் கேட்டதற்கு, மனைவி வீராயி அடுப்பை விட்டு எழுந்து வந்துவிட்டாள்.

"அவ பொறந்த அன்னைக்குக் குறிச்ச கல்லு அது. வேற கல்லை மிதிச்சு எம் மக போகமாட்டா. கல்யாணத்தை நிறுத்துறதா இருந்தா நிறுத்திக்க."

செவ்வந்தி கதவோரம் நின்று பார்த்தாள். அந்தப் பார்வைதான் சடையாண்டிக்குத் தாங்கவில்லை. நேராகப் போய் ஊரைக் கூட்டினார்.

"அம்பலகாரரே, அந்தக் குழியை நான் போட்டப்ப நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?"

"இருந்தேன்ப்பா," என்றார் அம்பலம். "உடையப்பன்கூட உனக்குக் குடை பிடிச்சான். பொண்ணு பொறந்ததுக்கு ஊருக்கே சர்க்கரை குடுத்தே. நான் ரெண்டு தரம் வாங்கினேன். அதெல்லாம் உண்மை."

"அப்புறம் என்னங்க?"

"சடையா, நாங்க வெறும் கண்ணாலதானே பார்த்தோம். அவரு கேமராவுல பார்த்திருக்காரு."

ஊர் முழுக்கத் தலையாட்டியது. சடையாண்டிக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "நாளைக்குக் காலையில எல்லாரும் வாங்க. உங்க கண்ணு முன்னாடி இன்னொரு கல்லுல பன்னெண்டு குழி போட்டு, பிளந்து காட்டுறேன்," என்றார்.

மறுநாள் சொன்னபடி செய்தார். நாலு விரக்கடை, நாலு விரக்கடையாக அளந்து, ஒரு குழிகூடக் கோணாமல் போட்டார். பொழுது உச்சிக்கு வந்தபோது ஆப்பை இறக்கி, வரிசையாகத் தட்டிக்கொண்டே போனார். கல் முனகியது. பிறகு வெள்ளரிக்காய் மாதிரி இரண்டாகப் பிளந்து விழுந்தது. சடையாண்டி வியர்வையைத் துடைத்துக்கொண்டு பெருமையோடு நிமிர்ந்தார். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

கூட்டத்தில் முன்னால் நின்றவர்கள் இரண்டடி பின்னால் போனார்கள். அம்பலம் பயபக்தியோடு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

"ஊரே, நல்லாக் கேளுங்க," என்றார். "மனுஷனால இது முடியாது. இது மொதல் விஷயம். சடையாண்டியால முடியுது. இது ரெண்டாவது விஷயம். ரெண்டையும் கூட்டிப் பாருங்க."

எல்லோரும் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தார்கள். ஒருவர் மூன்று என்றார். மற்றவர்களுக்கு விஷயம் மெதுவாக விளங்கியது.

"நான் அப்பவே நெனச்சேன்," என்றார் ஒரு விவசாயி. "போன வருஷம் எங்கிட்ட வாங்கின கடப்பாரையைக் கேக்காமலே திருப்பிக் குடுத்தாரு. மனுஷன் செய்யற காரியமா அது?"

"யோவ், எங்கப்பன் சோலையன், எங்க ஆத்தா கருப்பாயி. ரெண்டு பேரையும் இதே ஊருல வச்சுத்தானேய்யா எரிச்சோம்!" என்று சடையாண்டி கத்தினார்.

"அப்படின்னு உங்களை நம்ப வச்சிருக்காங்க," என்றார் அம்பலம். நாற்பது வருஷமாக வாய்நிறைய 'சடையா' என்று கூப்பிட்டவர், அந்த நிமிஷத்திலிருந்து 'நீங்க' என்று மாறிவிட்டார். "நீங்க மேலேயிருந்து வந்தவங்கதான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா, அந்தக் கல்லு உங்க ஆளுங்க கல்லு. எடுத்துக்கங்க. நாங்க குறுக்கே நிக்கமாட்டோம்."

சடையாண்டி யோசித்துப் பார்த்தார். தன் கையால் போட்ட குழியைத் தன் கை போடவில்லை என்று சொன்னால்தான் அது தன் கைக்கு வரும். பெற்றவர்கள் ஞாபகம் வந்தது. பிறகு கதவோரம் நின்ற மகளின் முகம் ஞாபகம் வந்தது.

"ஆமாங்க," என்றார். "மேலேயிருந்துதான் வந்தேன்."

சொன்னதும் அவருக்கு வெட்கமாக இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. ஊர் ஆகாயத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டது. செய்தி கேட்ட வீராயி மட்டும், "இருபத்திரெண்டு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையே. அதான் நான் சொல்றது எதுவும் உன் காதுல ஏறமாட்டேங்குது," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கல்லைப் பிளக்கப் போனபோது உடையப்பன் மேலேயே உட்கார்ந்திருந்தார். ஒன்பது நாள் ஆகிவிட்டது. இறங்கலாம் என்று சொன்னார்கள்.

"பழகிடுச்சு, நீங்க பாட்டுக்கு அடிங்க," என்றார் அவர்.

சடையாண்டி அடித்தார். கல் பிளந்தது. உடையப்பன் பெரிய பாதியோடு அந்தப் பக்கம் சாய்ந்தார். சின்னப் பாதியில் சடையாண்டி தன் கையாலேயே, அணு அணுவாக, மகளுக்கு அம்மி கொத்தி முடித்தார். அத்தனை அழகான அம்மி அந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடையாது.

கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் மாப்பிள்ளையின் அப்பா ராக்கப்பன் வந்தார். அவருடைய ஊருக்கும் மந்தைக்குறிச்சிக்கும் நடுவில் ஒரு வாய்க்கால்தான். புத்தியில் அந்த வாய்க்கால்கூடக் கிடையாது. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தவரைப் பார்த்து, சம்பந்தம் முறிந்தது என்றே சடையாண்டி நினைத்துவிட்டார்.

"சம்பந்தி, கேக்கறேன்னு தப்பா நெனைக்கக்கூடாது," என்றார் ராக்கப்பன். "தலை ஆடிக்குப் பையனும் பொண்ணும் உங்க வீட்டுக்கு வரணும். இந்த வீட்டுக்கு வரணுமா, மேல் வீட்டுக்கு வரணுமா?"

"இந்த வீடு போதும் சம்பந்தி."

ராக்கப்பனுக்குப் போன உயிர் வந்தது. "அப்பச் சரி. பஸ் இருக்கு. ஆனா ஒண்ணு. மேலே இருக்கிற உங்க பங்காளிகளை முறையா அழைக்கணும். மொதல் பந்தி அவங்களுக்குத்தான். அவங்க சாப்பிட்டு எழுந்தப்புறம்தான் எங்க ஆளுங்க கை நனைப்பாங்க. மரியாதைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

மறுத்தால் வந்த சம்பந்தம் போய்விடும். சடையாண்டி ஒத்துக்கொண்டார். அன்று மாலையே அம்பலம் உடையப்பனின் பாதிக் கல்லில் ஏறி நின்று, பத்திரிகையை ஆகாயத்தைப் பார்த்து உரக்கப் படித்தார். 'சுற்றமும் நட்பும் சூழ' என்ற இடத்தில் இரண்டு முறை நிறுத்திப் படித்தார். பதில் இல்லாததால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கல்யாணத்தன்று காலையில் செவ்வந்தி அம்மியில் கால் வைத்தாள். மாப்பிள்ளை குனிந்து மெட்டி போட்டான். சடையாண்டி அந்தக் கல்லையும் அந்தப் பாதத்தையும் பார்த்துக்கொண்டு, மேல்துண்டால் முகத்தை மூடி விசும்பி அழுதார். பட்ட பாடெல்லாம் இதற்காகத்தான். என்ன சொன்னால் என்ன, காரியம் நல்லபடியாக முடிந்தது என்று மனசு நிறைந்தது.

"அருந்ததியைப் பாரும்மா," என்று ஐயர் மேலே கைகாட்டினார். வெயில் பளீரென்று அடித்தது. எந்தப் பெண்ணும் சொல்வது போலச் செவ்வந்தியும், "தெரியுது," என்றாள்.

மந்தைக்குறிச்சி முழுக்க எழுந்து ஆகாயத்தைப் பார்த்துக் கையாட்டியது.

"கெளம்பிட்டாங்களாம், வந்துக்கிட்டிருக்காங்க. எலையைப் போடுங்க!" என்றார் அம்பலம்.

குழிக்கு ஒரு ஆள் என்ற கணக்கில் பன்னிரண்டு இலை போட்டார்கள். சோறு, பருப்பு, நெய், கூட்டு, பொரியல், அப்பளம், பாயசம் எல்லாம் வைத்தார்கள். இலைக்கு எதிரே ஒருவரும் இல்லை. இரண்டு ஊர்ச் சனமும் சுவரோரம் பசியோடு வரிசையாக நின்றது. சாம்பார் ஆடை கட்டியது. அப்பளம் நமுத்துப் போனது. குழந்தைகள் அழ ஆரம்பித்தன. ராக்கப்பன் சடையாண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். இதில் ஒரு குறை வந்தால், கழுத்தில் தாலி ஏறிய பெண் இங்கேயே நிற்க வேண்டியதுதான். சடையாண்டி, இன்னொரு பொய்தானே என்று துணிந்தார்.

"சாப்பிட்டுட்டாங்க," என்றார்.

மண்டபமே இலைகளைப் பார்த்தது. வைத்தது வைத்தபடி இருந்தது. ராக்கப்பன் ஒவ்வொரு இலையாகக் குனிந்து பார்த்துக்கொண்டு போய், பன்னிரண்டாவது இலையில் நிமிர்ந்தார்.

"சம்பந்தி, எலை நெறையச் சோறு அப்படியே இருக்கே?"

செவ்வந்தி அம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அப்போது வெள்ளைக்கண்ணு அம்பலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார்.

"அதைத்தான்யா கேக்கறேன்," என்றார். "ஒரு பருக்கை கொறையாம, பாயசத்துல ஒரு சொட்டு கொறையாம, இவ்வளவு சுத்தமாச் சாப்பிட மனுஷனால முடியுமா?"

முடியவே முடியாது என்று ராக்கப்பனும் ஒத்துக்கொண்டு, அடுத்த பந்திக்கு உட்கார்ந்தார்.