சும்மா கிடக்கும் பாதி

நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரி. அதன் கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைவி ஹெப்சிபா. அவளிடம் தொழில் படித்துக்கொண்டிருந்தவர் தாணுலிங்கம். வயதில் அவர்தான் மூத்தவர். எலெக்ட்ரிக்கல் பிரிவிலிருந்து ஆசைப்பட்டுக் கேட்டு இந்தப் பக்கம் வந்தவர். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். அவர் அவளை மேடம் என்பார்.

அவருடைய லேப்டாப்பைத் திறந்தால் முதலில் மகள் சிரிப்பாள். கல்யாணமாகி நெடுநாள் கழித்து, இதே ஆஸ்பத்திரியில் பிறந்த ஒற்றைப் பிள்ளை.

அன்று மனிதருக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது.

லேப், மருந்தகம், பதிவு, ஸ்கேன் என்று ஆளுக்கொரு மூலையில் முனகிக்கொண்டிருந்த பழைய கம்ப்யூட்டர்களை ஒழித்துவிட்டு, எல்லாவற்றையும் விர்ச்சுவல் மெஷின்களாக்கி, அதாவது சாஃப்ட்வேருக்குள்ளேயே ஓடும் கம்ப்யூட்டர்களாக மாற்றி, இரண்டு புது சர்வர்களுக்குள் குடிவைப்பதாக முடிவாகியிருந்தது. எந்த சர்வர் வாங்குவது என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பு முதல்முறையாக அவரிடம் வந்தது. ஊண் உறக்கம் பார்க்காமல் உழைத்தார். எதற்கு எவ்வளவு மெமரி, எவ்வளவு வேகம் என்று அளந்து, இரண்டு பெட்டிகளும் விளிம்புவரை நிறைகிற மாதிரி அளவு பிடித்தார். துளிகூட வீணாகாது என்று நிர்வாகியிடம் மார்தட்டிவிட்டும் வந்தார். அங்கேதான் வினை.

ஹெப்சிபா அவர் எழுதியதைப் படித்தாள். இரண்டு சர்வர்களின் அளவையும் அடித்துவிட்டு, இரண்டையும் இரு மடங்காக்கி எழுதித் திருப்பிக் கொடுத்தாள்.

"என்ன மேடம் இது?"

"ஒண்ணு நின்னுபோனா இன்னொண்ணு எல்லாத்தையும் தாங்கணும், அண்ணாச்சி."

"என்னைக்கோ ஒரு நாள் நிக்கும்னு, என்னைக்கும் பாதி சும்மா கெடக்கணுமா?"

அதோடு அவர் விடவில்லை. வார்டில் ஆட்கள் தரையில் பாய் விரித்துப் படுத்திருக்கிற ஊரில், பெட்டியைப் பாதி காலியாக வைத்து ஏசி போட்டுக் காப்பாற்றுவது எந்த ஊர் நியாயம் என்று கேட்டார். நிர்வாகி முகத்தில் எப்படி முழிப்பது என்றும் கேட்டார். உண்மையில் அவரைக் குடைந்தது இந்த இரண்டாவதுதான். பொறுப்பைக் கொடுத்துவிட்டு இப்படி அடித்துப்போடுவதற்கு, கொடுக்காமலே இருந்திருக்கலாம்.

"வாங்க" என்று ஹெப்சிபா எழுந்தாள்.

மாடியில் இரண்டு ஆபரேஷன் தியேட்டர்கள். முதலாவதன் வாசலில் சிவப்பு விளக்கு எரிந்தது, வெளியே பெஞ்சில் சொந்தக்காரர்கள். இரண்டாவது இருட்டாக இருந்தது. கதவுக் கண்ணாடி வழியே பார்த்தால், புது விரிப்பு போட்ட மேஜை மட்டும் தெரிந்தது. முன்கூட்டி நாள் குறித்த ஆபரேஷனை அங்கே செய்யக்கூடாது என்பது இந்த ஆஸ்பத்திரி வழக்கம். டாக்டர்கள் முணுமுணுப்பார்கள். ஆனாலும் தினமும் காலையில் மேஜையைத் தயார்செய்து மூடிவைப்பார்கள்.

"இதைப் பத்தி என்ன நினைக்கீங்க?" என்றாள்.

பொறி என்று அவருக்குத் தெரிந்தது. ஆனால் கோபக்காரனுக்குப் பின்வாங்க மனசு வருமா? பெட்டிக்கு ஒரு பேச்சு, தியேட்டருக்கு ஒரு பேச்சு என்று பேச அவர் தயாராக இல்லை.

"கேட்டுட்டீங்க, சொல்லுதேன். இதுவும் வீண்தான். ஹெர்னியாவுக்கும் மூட்டுக்கும் நாள் கிடைக்காம சனங்க அலையுது. என்கிட்ட விட்டா, வரிசையா ஆபரேஷன் போட்டு இந்த ரூமை நிரப்பிருவேன்."

ஹெப்சிபா தலையாட்டினாள். கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"சரி அண்ணாச்சி. நான் திருத்தினதை அடிச்சிட்டு நீங்க போட்ட அளவையே போடுங்க. கையெழுத்து போட்டுத் தாரேன்."

இவ்வளவு லேசாக ஜெயிப்போம் என்று தாணுலிங்கம் எதிர்பார்க்கவில்லை. பேனாவைத் திறந்து, கையோடு கொண்டுவந்த தாளைச் சுவரில் வைத்து அழுத்திக்கொண்டார்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிட்டு எழுதுங்க" என்றாள் ஹெப்சிபா. "பாப்பா பிறந்த அன்னைக்கு, உங்க வீட்டுக்காரியை ஸ்ட்ரெச்சர்ல வச்சு இந்த ரூமுக்குத்தானே ஓடியாந்தீங்க. அப்போ இதுக்குள்ள யாருக்கு ஆபரேஷன் நடந்துக்கிட்டிருந்துச்சு?"

தாணுலிங்கம் கதவுக் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு பேனாவை மூடி அவளிடமே கொடுத்தார்.