அடைக்கி ஓட்டிவிட்ட வவ்வால்கள்

புஸ்தகத்தை மூடி வெச்சுட்டு இந்தப் பக்கம் திரும்பிப் படு கண்ணு. பரீட்சை நாளைக்குத்தான, இப்பவே எதுக்கு பாயில கெடந்து புரளுறே? உணவுச் சங்கிலியும் மகரந்தச் சேர்க்கையும் கண்ணு வழியா ஏறலேன்னா போகுது, காது வழியா ஏறட்டும். நான் சொல்றேன், நீ "ம்" கொட்டு. ம் நின்னா கதையும் நின்னுரும்.

ஒரு ஊர்ல ஒரு இலுப்பை மரம். கம்மாக்கரையில, நாலு பேரு கைகோத்தாலும் கட்டிப் பிடிக்க முடியாத மரம். அதுக்குப் பக்கத்துல ஒரே ஒரு வீடு. அந்த வீட்டுக்கு வெளியூர்லேர்ந்து மருமகளா வந்தவ பேரு அடைக்கி.

அடைக்கிக்குக் காலு ஒரு எடத்துல தரிக்காது. உலை வெச்சுட்டு வாசல் கூட்டப் போவா, கூட்டறப்பவே கோழி ஞாபகம் வந்து கூடை எடுக்க ஓடுவா, அதுக்குள்ள உலை பொங்கி அடுப்பு புஸ்ஸுன்னு அணைஞ்சிரும். அவ புருஷன் வெள்ளைச்சாமி ஆடு மேய்க்கிறவன். "ஒனக்கு ரெண்டு காலு பத்தாதுடி, என் ஆட்டுக்கிட்ட ரெண்டு வாங்கிக்க"ன்னு சிரிப்பான். ம் சொல்லு.

அந்த மரம் பூரா பழந்தின்னி வவ்வாலு. பகல் முச்சூடும் கிழிஞ்ச குடையாட்டம் தலைகீழாத் தொங்கும். பொழுது சாஞ்சா பட்பட்டுன்னு ரெக்கை அடிச்சுக் கெளம்பும், கீச்கீச்னு சண்டை போடும். பழத்தைத் தின்னுட்டு கொட்டையைக் கீழ போடும். டொக். டொக். விடிஞ்சதும் ஊர்ப் பொம்பளைங்க கூடையோட வந்து பொறுக்குவாங்க. அந்தக் கொட்டையைச் செக்குல ஆட்டி எடுக்கிற எண்ணெய்தான் அய்யனார் கோயில் விளக்குக்கு. வேற எண்ணெய் ஊத்தக் கூடாதுங்கறது அந்த ஊர் வழக்கம்.

அடைக்கிக்குக் கைக்கொழந்தை ஒண்ணு. தூளியில போட்டுக் கண்ணசர வெச்சா, மரத்துல கீச்சுங்கும், புள்ள வீல்ங்கும். அதைவிட அவளை உறுத்துனது வேற. இம்புட்டு வவ்வாலு தின்னதுபோக மிஞ்சுறதே இத்தனை கூடைன்னா, வவ்வாலே இல்லேன்னா எத்தனை கூடைன்னு கணக்குப் போட்டா. மரம்தான் கொட்டையைக் கீழ போடுது, வவ்வாலு நடுவுல பூந்து திருடுதுன்னு அவ நெனைப்பு. பொறுக்கி வாழ்ற ஊர்ல அப்படித்தான் தோணும், குனிஞ்சவங்களுக்குத் தரைதான தெரியும்.

அப்புறம் என்ன. மொதல்ல கையைத் தட்டிப் பாத்தா. வவ்வாலு காதைக்கூட ஆட்டலே. அப்புறம் கெளைக்குக் கெளை கயிறு கட்டி மண்ணெண்ணெய் டின்னைத் தொங்கவிட்டு, வீட்டுல இருந்தபடியே இழுத்தா. டங்கு டங்கு டங்கு. எழுந்து ரெண்டு சுத்து சுத்திட்டு, வந்து அதே எடத்துல தொங்குச்சு. மூணாவதா, காஞ்ச மொளகாயைக் கொட்டாங்கச்சித் தணல்ல போட்டா பாரு, பொகை மேல ஏறவும் அத்தனையும் குபீர்னு கெளம்பிருச்சு. வானமே கறுத்துப் போச்சு. போனது போனதுதான். ஊரு அவளைத் தட்டிக் குடுத்துச்சு. சும்மாயிருக்காத காலுக்கு நல்ல வேலை கெடைச்சுதுன்னாங்க.

ம்? முழிச்சிருக்கியா? சரி.

அப்போ, பழம் அத்தனையும் மரத்துலயே இருந்துச்சு. அடைக்கி பெரிய கூடையா எடுத்து வெச்சா. ஆனா பழம் தோலும் சதையுமா சொத்துன்னு விழுந்துச்சு. சதை அழுகி, கொட்டைக்குள்ள புழு. எறும்பு தின்னது பாதி, நாத்தம் பாதி. முன்னெல்லாம் வவ்வாலு சதையைத் தின்னு, தொடைச்ச மாதிரி கொட்டையைக் குடுத்துச்சுல்ல, அது யாருக்கும் ஞாபகம் வரலே.

அதோட போச்சா? வவ்வாலு எச்சம் விழாததால மரத்தடியில வண்டு இல்லே. வண்டு இல்லாததால அதைக் கிண்டித் தின்ன மைனா வரலே. எச்சத்தை மண்ணோட மண்ணாக்குன மண்புழுவும் போயி, தரை கட்டாந்தரையாச்சு. புல்லு மொளைக்கலே. வெள்ளைச்சாமி ஆட்டை அடுத்த கம்மாவுக்கு ஓட்டிட்டுப் போனான். "இங்க மரத்துல தொங்குனதுக்கும் என் ஆட்டு வயித்துக்கும் என்னடி சம்பந்தம்"னு பொலம்புனான். கேட்டியா, ஒம் புஸ்தகத்துல அம்புக்குறி போட்டுருக்கே, அதான் அந்தச் சம்பந்தம்.

மறுவருசம் மரம் பூத்துச்சு. விடியறப்போ கம்மாக்கரை பூரா வெள்ளை வெள்ளையா, முத்து கொட்டுன மாதிரி. வாசம் ஊரைத் தூக்குச்சு. ஆனி வந்துச்சு. ஒரு காய் இல்லே. மரத்தை அண்ணாந்து பாத்துப் பாத்து அடைக்கிக்குக் கழுத்து வலிச்சுதே தவிர, ஒண்ணும் இல்லே.

ஊர்ல பெரிய மனுசன் அம்பலம். தலையில எப்பவும் பெரிய முண்டாசு. செங்கல் சூளைக்கு வெறகு கேக்குறாங்க, காய்க்காத மரத்தை வெச்சுக்கிட்டு என்ன பண்ணன்னு ஊரைக் கூட்டுனாரு. அடைக்கி போயி குறுக்க நின்னா. தூளி அந்த நெழல்ல ஆடுது, விளக்கு அந்த எண்ணெயிலதான எரியணும், இன்னும் ஒரு வருசம் பொறுங்கன்னு கேட்டா. அம்பலம் முண்டாசைத் தட்டிக் கட்டிக்கிட்டு சொன்னாரு, "சரித்தா, ஒரு வருசம். அடுத்த ஆனிக்கும் கொட்டை விழலேன்னா ஆடியில கோடாலி விழும்."

அன்னையிலேர்ந்து அடைக்கிக்கு இருப்பு கொள்ளலே. முன்னாடி கீச்சுச் சத்தத்துல தூக்கம் வரலே, இப்ப சத்தமே இல்லாததுல தூக்கம் வரலே.

மரத்துக்குப் பசி போலன்னு, கூடை கூடையா சாணி கொண்டாந்து போட்டா, கொடம் கொடமா தண்ணி ஊத்துனா. இலை மொழுமொழுன்னு வந்துச்சு. பங்குனியில பூவும் வந்துச்சு. ஆனா போன வருசமும்தான் பூ வந்துச்சு.

அப்போ அவளுக்குத் தன் அம்மா வீட்டுப் பூசணிக் கொடி ஞாபகம் வந்துச்சு. காய் பிடிக்கலேன்னா ஆண் பூவைப் பறிச்சு பெண் பூவுல தடவிவிடுவாங்கல்ல, அது. ஒடனே மூங்கில் கழி நுனியில சேவல் எறகைக் கட்டி, ஒரு கெளைப் பூவைத் தொட்டு அடுத்த கெளைப் பூவுல தொட்டு, ஊர்க்கோடியில இருந்த இன்னொரு இலுப்பைவரைக்கும் ஓடி அந்தப் பூவுப் பொடியையும் எறகுல ஏத்திக்கிட்டு வந்து தடவுனா. தடவு, ஓடு, தடவு. வெள்ளைச்சாமி, பொண்டாட்டி மரத்துக்கு மை தீட்டுறாடோய்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான்.

ஆனி வந்துச்சு. என்னாச்சுன்ற? கழி எட்டுன அடிக்கெளையில மட்டும் பழம். ஒரு கைப்பிடி. எட்டாத உச்சியில ஒண்ணுகூட இல்லே.

அடைக்கி அப்பதான் ஓடாம நின்னா. கழியைக் கீழ போட்டா. தான் தொட்ட எடத்துல காய்ச்சிருக்கு. அப்ப முந்தியெல்லாம் உச்சியில யாரு தொட்டது? கீழ பாத்தா கழி, மேல பாத்தா டின்னு தொங்குது. காத்துக்கு மெள்ள டங்குன்னுச்சு.

ம் சொல்லு கண்ணு. ஆமா, அதேதான். மூஞ்சியில பூம்பொடி அப்பிக்கிட்டு ஒரு மரத்துலேர்ந்து இன்னொரு மரத்துக்குப் பறந்தது வவ்வாலுதான்.

சரி, வவ்வாலுக்கு வெத்தலை பாக்கு வெச்சா அழைக்க முடியும்? கயித்து வேலை, கழி வேலை எல்லாம் முடிஞ்சுது. மிச்சம் இருந்தது அவளுக்கு வராத வேலை. சும்மா இருக்கறது. டின்னை எல்லாம் அவுத்தா. அடுப்பை மரத்துலேர்ந்து தள்ளிப் போட்டா. வாசல்ல விளக்கு வைக்கிறதை விட்டா. அந்தக் கைப்பிடிப் பழத்தையும் பறிக்கலே. வெள்ளைச்சாமிக்குத் தாங்கலே. பழுத்தது அவ்வளவுதான், அதைக் காட்டியாவது அம்பலத்துக்கிட்ட தவணை கேக்கலாமேன்னான். அவ சொன்னா, "அது நம்ம பங்கு இல்லங்க."

சாயங்காலமானா திருகைக்கல்லு மேல குந்திக் காலைக் கட்டிக்கிட்டு இருப்பா. காலு துடிக்கும். கையால அமுக்கிப் பிடிச்சுக்குவா. ஒண்ணும் வராது. மறுநாளும் ஒண்ணும் வராது. பழம் ஒண்ணொண்ணா தானா விழ ஆரம்பிச்சுது. சொத். சொத்.

ஆடி பொறக்குறதுக்கு மொத நாளு, அம்பலம் கயித்தோட வந்துட்டாரு, அடிமரத்தை அளந்து பாக்க. பொழுது சாயுது. எங்கத்தா கொட்டைன்னாரு. அடைக்கி ஒதட்டுல வெரல வெச்சா. ஊர்ப் பெரிய மனுசன்கிட்ட ஒரு மருமக, உஷ்ஷுன்னு. அவருக்கு வந்த கோவத்துல கயித்தை மரத்தைச் சுத்திப் போட்டாரு.

சர்ர்ர்ருன்னு ஒரு சத்தம்.

அடிக்கெளை லேசா ஆடுச்சு. ஒரு கிழிஞ்ச குடை தலைகீழாத் தொங்குச்சு. சப்பு சப்புன்னு சத்தம். அம்பலம் அண்ணாந்து பாத்தாரு. மேலேர்ந்து வந்துது, நேரா முண்டாசு மேல.

டொக்.

அவரு எடுத்துப் பாத்தாரு. தொடைச்ச மாதிரி கொட்டை, புழு இல்லே, சதை இல்லே. வெரலால உருட்டிப் பாத்தாரு. அப்புறம் கயித்தைச் சுருட்டித் தோள்ல போட்டுக்கிட்டு, மெதுவாத்தான் சொன்னாரு: "கொட்டை விழுந்துருச்சு. என் வார்த்தைக்கு இது போதும்த்தா."

மறுநாள் ரெண்டு வந்துச்சு. அப்புறம் ஒரு கும்பல். அடுத்த பங்குனியில பூத்தப்போ உச்சிக்கெளையே தாழ்ந்து கெடந்துச்சு வவ்வாலு பாரத்துல. ஆனியில, விடியறப்போ, கூடை கொள்ளலே. எச்சம் விழுந்துச்சு, வண்டு வந்துச்சு, மைனா வந்துச்சு, புல்லு வந்துச்சு, வெள்ளைச்சாமி ஆடும் திரும்பி வந்துச்சு. இப்பவும் அந்த ஊர்ல கம்மாக்கரைப் பக்கம் தீவாளிக்கு வெடி கெடையாது. அடிக்கெளைப் பழத்தை யாரும் தொடறதில்லே.

அடைக்கி புள்ள? மரத்துல கீச்சுன்னா வீல்னு அழுவுமே, அது இப்ப கீச்சு கேட்டாத்தான் தூங்குது. அடைக்கியுந்தான். கால ரெண்டையும் நீட்டி, அசையாம.

ம்?

ம் இல்லே. சரி. நாளைக்குச் சங்கிலியில ஒரு கண்ணிய எடுத்தா என்னாகும்னு கேட்டா, முண்டாசுல விழுந்த சத்தத்தை நெனைச்சுக்க, மீதி தானா வரும். கொட்டை கீழ விழுந்துச்சு, வவ்வாலு மேல போச்சு, கதை நடுவுல நின்னுபோச்சு. தூங்கு தங்கம்.