அம்மன் படியைத் தொட்ட அலை

முன்னொரு காலத்தில் நீர்க்குன்றம் என்ற நாட்டை வீரகேது என்ற ராஜா ஆண்டு வந்தார். நல்லவர்தான், ஆனால் ஒரு நேரம் வெயில், ஒரு நேரம் மழை என்று மாறுகிற மனசு. அவருடைய ஒரே மகள் அமிர்தம் சின்ன வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டாள்.

பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் கையில் விளக்கேந்தி, கோயில் குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நடந்து, நடுவிலிருக்கும் அம்மன் மண்டபத்தில் வைத்துவிட்டு வருவது அந்த ஊர் வழக்கம். குழந்தையை அம்மன் மடியில் விடுவதாக எண்ணம். ராஜாவுக்கு அந்தத் தண்ணீரில் இறங்க மனசு வரவில்லை. அது தெரிந்த தளபதி கோளரி, மகாராஜாவின் பாதம் சேற்றில் படலாமா என்றான். விளக்கைச் சின்னத் தெப்பத்தில் வைத்துவிட்டு வீரர்கள் பலகையால் தண்ணீரை அடித்தால் அலையே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்றான்.

அன்று சாயங்காலம் காற்றே இல்லை. வீரர்கள் அடித்தார்கள். அலைகள் மண்டபம் வரை போயின. விளக்கு மட்டும் விட்ட இடத்திலேயே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

கோளரிக்கு முகம் கறுத்தது. மந்திரி திருமேனிமேல் அவனுக்கு நெடுநாள் பொறாமை. திரி ஏற்றிக் கொடுத்ததோ மந்திரியின் தங்கை பூரணம், இளவரசியை வளர்த்த செவிலி. குளத்துப் படியில் தன் பக்கத்தில் நின்றவன் காதில் கோளரி ஏதோ ஓதினான். அது வாய்க்கு வாய் படியேறி மேலே நின்ற ராஜாவிடம் வந்தது. பூரணத்தின் கை பாவக் கையாம். அதனால்தான் அம்மன் விளக்கை ஏற்கவில்லையாம்.

துக்கத்தில் இருந்த ராஜா யோசிக்கவில்லை. விளக்கு அணைவதற்குள் மண்டபம் சேராவிட்டால் பூரணம் நாட்டைவிட்டே போக வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

திருமேனி தங்கையைத் திரும்பிப் பார்த்தார். குழந்தை காய்ச்சலில் கிடந்தபோது கண் மூடாமல் கிடந்தவள் அவர் தங்கை. இப்போதும் சுடரையே பார்த்து நின்றாள். திருமேனி அம்மனை நினைத்துக்கொண்டு ராஜா முன் போனார்.

"அரசே, தளபதியின் கை சுத்தமான கை. அவரே ஒரு தாமரையை விளக்குக்குப் பக்கத்தில் விடட்டும்."

கோளரி மீசையைத் தடவிக்கொண்டே பூவை விட்டான். மந்திரி வீரர்களை மெதுவாக அடிக்கச் சொன்னார். அலை முகடுகள் தள்ளித் தள்ளிப் போயின. அடுக்கடுக்காக அடிக்கச் சொன்னார். முகடுகள் நெருங்கின, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது. அந்த இடைவெளியைத்தான் இன்று பிள்ளைகள் அலைநீளம் என்று படிக்கிறார்கள். ஓங்கி அடிக்கச் சொன்னார். அலை உயர்ந்தது. எப்படி அடித்தாலும் பூவும் விளக்கும் சேர்ந்தே ஏறின, சேர்ந்தே இறங்கின. இரண்டும் மண்டபத்தின் பக்கம் போகவேயில்லை.

"தளபதியாரே, உங்கள் பூவையும் அம்மன் வேண்டாம் என்கிறாளா?"

கோளரி மீசையிலிருந்து கையை எடுத்தான். ராஜா மெல்லக் கேட்டார். "அலை போகிறதே மந்திரியாரே, விளக்கு ஏன் போகவில்லை?"

"அலைதான் போகிறது அரசே, தண்ணீர் போகவில்லை. ஒவ்வோர் இடத்துத் தண்ணீரும் பக்கத்துத் தண்ணீரை அசைத்துவிட்டுத் தன் இடத்திலேயே நின்றுவிடுகிறது. என் தங்கையைப் பற்றிய பேச்சு உங்கள் காதுக்கு வந்ததே, சொன்னவர்களில் யாராவது இடம்விட்டு நகர்ந்தார்களா?"

ராஜா படியில் நின்றவர்களைப் பார்த்தார். ஒவ்வொருவனும் தன் பக்கத்தில் நின்றவனைப் பார்த்தான். கடைசியில் எல்லார் கண்ணும் கோளரியிடம் போய் நின்றது.

"அலை விளக்கைத் தூக்கும், இறக்கும். கொண்டுபோக வேண்டுமென்றால் யாராவது கூடப் போக வேண்டும், அரசே."

எண்ணெய் வற்றிக்கொண்டிருந்தது. ராஜா பாதுகைகளைக் கழற்றிக் கோளரியிடம் நீட்டினார். "என் பாதத்துக்காகக் கவலைப்பட்டவன் நீதானே. நான் வரும்வரை பிடித்துக்கொண்டு நில்." பிறகு மந்திரியிடம், உமக்கு என்ன வேண்டும் என்றார்.

"என் தங்கையும் கூட வரட்டும்."

"வாம்மா பூரணம்" என்றார் ராஜா.

விளக்கை அவர் ஏந்த, பூரணம் சுடருக்குக் கை மறைத்து நடந்தாள். அவர்கள் நடந்ததில் எழுந்த அலை முன்னே போய் அம்மன் படியைத் தொட்டது. பின்னாலேயே, மெதுவாக, விளக்கும் போய்ச் சேர்ந்தது.