நடுத் துப்பாக்கியும் மோர்க்குழம்பும்

செம்பாறைக்கோட்டை ராஜா இருளப்ப பூபதிக்கு வேட்டை என்றால் உயிர். துப்பாக்கி என்றால் அதற்கும் ஒரு படி மேலே. முயலுக்கு ஒன்று, மானுக்கு ஒன்று, பன்றிக்கு ஒன்று, காட்டெருமைக்கு ஒன்று என்று ஆயுதசாலைச் சுவரில் மாட்டி வைத்திருந்தார். காலையில் பல் விளக்கிய கையோடு போய் ஒவ்வொன்றையும் தடவிக் கொடுத்த பிறகுதான் மற்ற வேலை. "என்னை ஒருநாளாவது இப்படி விசாரிச்சதுண்டா?" என்று ராணிகூடக் கேட்டுப் பார்த்துவிட்டாள். ராஜா காதில் விழவில்லை.

இப்படிப்பட்டவரிடம் கடற்கரைப் பட்டணத்திலிருந்து தேவசகாயம் என்ற துப்பாக்கி வியாபாரி வந்து சேர்ந்தான். பட்டுத்துணியைப் பிரித்தான். உள்ளே பளபளவென்று ஒரு துப்பாக்கி.

"மான் துப்பாக்கியைவிடக் குழாய் ஒரு நூல் பெரிசு மகாராஜா. பன்றித் துப்பாக்கியைவிட ஒரு நூல் சின்னது. நடுவில இப்படி ஒண்ணு இல்லாம இத்தனை நாள் எப்படித்தான் சமாளிச்சீங்களோ!"

அவ்வளவுதான், ராஜாவுக்குத் தூக்கம் போயிற்று. மானுக்கு இது அதிகம். பன்றிக்குப் போதாது. ஆனால் பெரிய மானாக வந்தால்? சின்னப் பன்றியாக வந்தால்? காலையில் வேண்டாம் என்று முடிவு செய்வார். சாயங்காலம் எதற்கும் ஒருதரம் தோளில் வைத்துப் பார்ப்பார். போச்சு, மறுபடி முதலிலிருந்து.

வாங்கட்டும், வாங்காமல் போகட்டும், நமக்கென்ன என்கிறீர்களா? அங்கேதான் வினை. அந்த அரண்மனையில் ஒரு வழக்கம் உண்டு. புதுத் துப்பாக்கி ஒன்று வாசல்படி ஏறிவிட்டால், அதை வைத்துக்கொள்வதா திருப்புவதா என்று முடிவாகும்வரை பழைய துப்பாக்கி எதுவும் சுவரைவிட்டு இறங்கக் கூடாது. இறக்கினால் பழையதுகள் கோபித்துக்கொண்டு குறி தப்பிவிடுமாம். எந்தப் பாட்டன் கண்டுபிடித்தானோ! போதாததற்கு, காட்டுப்பன்றியைச் சுடும் உரிமையும் ராஜா ஒருவருக்குத்தான்.

பன்றிகளுக்கு இந்த விவரமெல்லாம் தெரியுமோ என்னவோ, மலையடிவாரத்துக் கடலைக்காட்டில் குடும்பத்தோடு இறங்கி விருந்து சாப்பிட ஆரம்பித்தன.

கடலைக்காட்டுக்காரி பொன்னுருவி, வேரோடு கிளறிப்போட்ட செடி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு சபைக்கே வந்துவிட்டாள்.

"ராசா, காய் முத்திப் பிடுங்குற நேரம். பாதிக் காட்டை உழுதுட்டுப் போயிருச்சுக. மிச்சமும் போச்சுன்னா எங்க புள்ளைக பட்டினிதான் கிடக்கணும்."

ராஜா நல்ல மனுஷர். அந்தச் செடியைப் பார்த்ததும் மனசு கலங்கித்தான் போனார். "துப்பாக்கி விஷயம் முடிவாகட்டும் தாயி. அடுத்த நிமிஷம் வந்து நிக்கிறேன்" என்றார்.

"எப்ப முடிவாகும் ராசா?"

ராஜா நடுத் துப்பாக்கியைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

பக்கத்தில் அரண்மனை விகடகவி சொக்கேசன் நின்றிருந்தான். ராஜாவிடம் வாயாடிவிட்டுத் தலையோடு வீடு திரும்பக்கூடிய ஒரே ஆள் அவன்தான்.

"ராஜா, போன வேட்டையில மான் குண்டுப் பையும் பன்றிக் குண்டுப் பையும் மாறிப்போச்சே, ஞாபகமிருக்கா? குண்டு குழாய்க்குள்ள போகமாட்டேன்னு அடம் பிடிச்சது. அந்தப் பன்றிகூட, என்னதான் பண்றாங்கன்னு நின்னு பார்த்துட்டுத்தானே போச்சு? இதில நடுவில இன்னொரு பை வேறயா?"

"சும்மா இருய்யா. நான் யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

சொக்கேசன் நேரே ராணியைப் பார்க்கப் போனான்.

மறுநாள் மத்தியானம். ராஜா பசியோடு வந்து மணையில் உட்கார்ந்தார். தலைவாழை இலை. ஓரத்தில் கொஞ்சம் உப்பு. வேறொன்றும் இல்லை. உள்ளேயிருந்து மோர்க்குழம்பு வாசனை மட்டும் வந்து மூக்கைத் துளைத்தது. ராஜா பொறுத்துப் பார்த்தார். உப்பை ஒருதரம் நக்கியும் பார்த்தார்.

"யாரங்கே! சோறு எங்கே?"

சொக்கேசன் பவ்யமாக வந்து நின்றான். கையில் புத்தம்புதுப் பித்தளைக் கரண்டி.

"மன்னிக்கணும் ராஜா. மடைப்பள்ளியில ஒரு சிக்கல். நம்மகிட்ட பருப்புக் குழம்புக்குப் பெரிய கரண்டி இருக்கு. ரசத்துக்குச் சின்னக் கரண்டி இருக்கு. மோர்க்குழம்பு பாருங்க, பருப்பைவிடத் தண்ணி, ரசத்தைவிடக் கெட்டி. அதுக்குன்னே பாத்திரம் செய்யற கன்னார் இந்த நடுக் கரண்டியைக் கொண்டுவந்திருக்கார். வாங்கலாமா வேண்டாமான்னு ராணியம்மா யோசிச்சுக்கிட்டிருக்காங்க."

"யோசிக்கட்டும்! அதுக்கும் என் சோத்துக்கும் என்னய்யா?"

"புதுக் கரண்டி வாசல்படி ஏறிடுச்சே! முடிவாகிறவரைக்கும் பழைய கரண்டி எதுவும் வெளிய வரக்கூடாது. சோத்துக் கரண்டி உள்பட. கோபிச்சுக்கும்."

ராஜா கொதித்து எழுந்தார். "அட, கையில கிடைக்கிற கரண்டியில போடுங்கடா! எனக்குப் பசிக்குது! நான் என்ன கரண்டியையா திங்கப் போறேன்?"

"இதைத்தான் ராஜா கடலைக்காட்டில எல்லாரும் சொல்றாங்க. உங்ககிட்ட சொல்லப் பயம். பசி அவங்களுக்கும் இதே மாதிரிதான் இருக்கும்."

ராஜா இலையைப் பார்த்தார். உப்பைப் பார்த்தார். முகம் காதுவரை சிவந்துவிட்டது.

"இறக்குங்கடா பன்றித் துப்பாக்கியை!" என்று கத்திக்கொண்டே புறப்பட்டார்.

"சாப்பிட்டுட்டே போகலாம் ராஜா" என்றான் சொக்கேசன். பெரிய கரண்டியாலேயே மோர்க்குழம்பு விழுந்தது. அதற்காக ருசி ஒன்றும் குறையவில்லை.

பொழுது சாய்வதற்குள் பெரிய கொம்பன் பன்றி சுருண்டு விழுந்தது. மற்றதெல்லாம் ஓடிய ஓட்டத்தில் மலைக்கு அந்தப் பக்கம்தான் போய் நின்றிருக்கும். மிச்சக் கடலை வீடு வந்து சேர்ந்தது. தேவசகாயமும் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, நடுத் துப்பாக்கியைத் துணியில் சுற்றிக்கொண்டு அடுத்த ஊர் ராஜாவைத் தேடிப் போனான்.

மறுநாள் பொன்னுருவி ஒரு கூடை பச்சைக்கடலை கொண்டுவந்து வைத்தாள். ராஜாவுக்கு ஒரே சந்தோஷம். வலது கையில் பட்டுச் சால்வை, இடது கையில் தங்கக் காப்பு. சொக்கேசனுக்கு எதைக் கொடுக்கலாம்?

"சால்வை கொஞ்சம் குறைச்சல். காப்பு கொஞ்சம் ஜாஸ்தி" என்று முனகினார். மோவாயைத் தடவினார். "ரெண்டுக்கும் நடுவில ஏதாவது..."

"ஐயோ ராஜா!" என்று ஒரே பாய்ச்சலில் இரண்டையும் வாங்கிக்கொண்டான் சொக்கேசன். "மறுபடி பன்றி வந்துடும்!"

ராஜா சிரித்த சிரிப்பில் கூடை கவிழ்ந்து கடலை சபையெல்லாம் உருண்டது.