அழித்தும் நின்ற பக்கம்

ஒரு திங்கட்கிழமை காலையில் தளவாய் தன் குருவிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"அம்மா, விடியுமுன்னே எந்திரிச்சு ஜபம் பண்ணுதேன். வியாழக்கிழமை தண்ணி மட்டும்தான் குடிக்கேன். இத்தனை வருஷமா இதையெல்லாம் விடாம செஞ்சும் கோபம் மட்டும் போக மாட்டேங்குதே, ஏன்?"

குரு செண்பகம், முந்தின நாள் பஸ் ஸ்டாண்டிலிருந்து கூட்டிவந்த ஒரு மனிதருக்குக் கை நகம் வெட்டிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"நம்ம வெப்சைட்டுல போன் நம்பர் தப்பா இருக்காம். முதல்ல அதைச் சரி பண்ணுங்க அண்ணாச்சி" என்றார்.

குருவுக்கு வயது நாற்பதைத் தொடவில்லை. சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது. அவர் இவரை அண்ணாச்சி என்பதிலும் இவர் அவரை அம்மா என்பதிலும் யாருக்கும் சங்கடமில்லை. தென்காசிக்கு மேற்கே, மலையடியில் இருந்தது அந்தச் சின்ன மடம். நினைவு தப்பித் தெருவில் திரிகிறவர்களைக் கூட்டிவந்து, குளிப்பாட்டி, சோறு போட்டு, சொந்தக்காரர்கள் தேடி வரும்வரை வைத்துக்கொள்வார்கள்.

தளவாய் பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் உள்ளே நுழைந்தால் ஃபேன்கூடச் சத்தமில்லாமல் சுற்றும் என்று அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். மடத்துக்கு வந்தபின் வேட்டி வெள்ளையானது, கழுத்தில் ருத்திராட்சம் ஏறியது. கோபம் மட்டும் ஓய்வு பெறாமல் வேலையில் இருந்தது.

வெப்சைட்டும் அவர் கைவண்ணம்தான். யாரிடமும் போய்க் கேட்கக் கூடாது என்று வைராக்கியமாக யூடியூப் பார்த்துப் பார்த்துச் செய்தார். 'ஆதரவில்லாமல் திரிகிறவர்களைக் கண்டால் உடனே அழையுங்கள்' என்று சிவப்பு எழுத்தில் போட்டு, அதன் கீழே மடத்தின் நம்பரைப் போட்டார். அதில் ஒரு ஏழுக்குப் பதிலாக ஒன்று விழுந்துவிட்டது. மடத்தைக் கூப்பிட நினைத்தவர்களெல்லாம் பாளையங்கோட்டையில் யாரோ ஒரு பெண்ணைக் கூப்பிட்டார்கள்.

ஒரே ஒரு எண்தானே, டீ ஆறுவதற்குள் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தார். ஃபைலைத் திறந்து ஒன்றை ஏழாக்கினார். சேமித்துவிட்டுப் போனில் பார்த்தார். ஒன்று ஒன்றாகவே இருந்தது. மறுபடி திருத்தினார், மறுபடி பார்த்தார். டீ ஆறி ஆடை கட்டியதுதான் மிச்சம்.

செவ்வாய்க்கிழமை ஒரு யூடியூப்காரன், போன் சில சமயம் பழைய பக்கத்தையே பிடித்து வைத்துக்கொண்டு காட்டும், உள்ளே சேர்ந்திருப்பதைத் துடைத்துவிட்டால் சரியாகிவிடும் என்றான். தளவாய் தன் போனைத் துடைத்தார். அதோடு விட்டாரா, மடத்தில் இருந்த எல்லார் போனையும் வாங்கித் துடைத்தார். சமையல் பேச்சியம்மாளின் போன், தொட்டதற்கெல்லாம் பாஸ்வேர்டு கேட்க ஆரம்பித்தது. அவளுக்கு ஒன்றுகூட ஞாபகமில்லை. அன்றைக்கு ரசத்தில் உப்பில்லை, தளவாயின் இலையில் மட்டும்.

புதன்கிழமை வேறு எழுத்தைப் போட்டுப் பார்த்தார். நிறத்தை மாற்றினார். பக்கத்தையே முதலிலிருந்து எழுதினார். கம்ப்யூட்டரில் எல்லாம் மாறியது, ஊர் பார்க்கிற பக்கத்தில் ஒரு புள்ளிகூட அசையவில்லை. வெப்சைட்டுக்கு வாடகைக்கு இடம் கொடுத்திருந்த கம்பெனியைக் கூப்பிட்டார். வெகுநேரம் பாட்டுப் போட்டார்கள். பாட்டு முடிந்து பேசிய பெண், எங்கள் பக்கத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது சார் என்றாள். அப்படியானால் என் பக்கம்தான் கோளாறு என்கிறாயா என்று தளவாய் போட்ட சத்தத்தில், முற்றத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் தட்டை விட்டுவிட்டு வாசலைப் பார்த்து ஓடினார்கள். திங்கட்கிழமை நகம் வெட்டிக்கொண்ட மனிதர் அதில் ஒருவர்.

குரு தெருவில் இறங்கிப்போய் அவர்களைக் கையைப் பிடித்து அழைத்துவந்தார். மறுபடி சோறு போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். தளவாயிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

வியாழக்கிழமை விரதம். வயிறு காலி, தலை மட்டும் கொதித்தது. அன்றுதான் அந்தப் பாளையங்கோட்டைப் பெண், யாரிடமோ கேட்டு மடத்தின் சரியான நம்பரைப் பிடித்து முதல்முறை கூப்பிட்டாள். மரியாதையாகத்தான் பேசினாள். நாளைக்குள் சரியாகிவிடும் என்றார் தளவாய். வெள்ளிக்கிழமையும் அதையே சொன்னார். சனிக்கிழமை அவள் குரல் கம்மியிருந்தது.

"சார், நாள் பூரா கூப்பிடுதாங்க. அந்தப் பக்கத்தையே எடுத்துருங்க சார். ஒரு ரெண்டு நாளைக்காவது."

எடுக்கச் சொல்ல இவள் யார் என்று கோபம் வந்துவிட்டது தளவாய்க்கு.

"எத்தனை பேருக்கு உதவுத பக்கம்னு தெரியுமாம்மா உனக்கு? உன் போனை ரெண்டு நாள் ஆஃப் பண்ணி வச்சா குடியா முழுகிரும்?"



"எங்க வீட்டுக்காரர் ஐ.சி.யு.வுல கிடக்காரு சார். நம்மள உள்ள விட மாட்டாங்க. ஏதாவதுன்னா போன்லதான் சொல்லுவாங்க. ஒவ்வொரு தடவ மணி அடிக்கும்போதும் செத்துச் செத்துப் பிழைக்கேன்."

போனை வைத்துவிட்டாள்.

தளவாய்க்கு வெட்கம் வந்தது. ஆனால் அது வெட்கமாக வரத் தெரியாமல், கோபமாகவே வந்தது. கீபோர்டை ஓங்கி அடித்தார். கம்பெனியைத் திட்டினார், யூடியூப்காரனைத் திட்டினார், இந்தக் கருமத்தையெல்லாம் கண்டுபிடித்தவனைத் திட்டினார். திரும்பிப் பார்த்தால் வாசல்படியில் குரு நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"அழிச்சிருங்க அண்ணாச்சி."

"நம்பரையா?"

"பக்கத்தையே. முழுசா."

தளவாய் வாதாடினார். ராப்பகலாகச் செய்த பக்கம் என்றார். தெருவில் கிடப்பவனைப் பார்க்கிறவன் அப்புறம் யாரைக் கூப்பிடுவான் என்றார். இன்னும் ஒரு மணி நேரம் கொடுங்கள் என்றார். குரு தரையில் உட்கார்ந்துகொண்டார். அழிக்காமல் எழுந்து போகமாட்டார் என்று தளவாய்க்குத் தெரிந்துபோயிற்று.

சொல்வதற்கு என்ன, செய்தவனுக்கல்லவா தெரியும் என்று முணுமுணுத்தபடி ஃபைலைத் தேர்ந்தெடுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு அழித்தார். இருந்த இடம் காலியாகிவிட்டது.

"போச்சு. இப்பத் திருப்திதானா?"

குரு தன் போனை எடுத்துப் பார்த்தார். பிறகு அதைத் தளவாயிடம் நீட்டினார்.

பக்கம் அப்படியே இருந்தது. சிவப்பு எழுத்து இருந்தது, நம்பர் இருந்தது, அந்த ஒன்று இருந்த இடத்திலேயே இருந்தது.

தளவாய் கம்ப்யூட்டரைப் பார்த்தார். போனைப் பார்த்தார். அழித்த பிறகும் எப்படி நிற்கிறது என்று அவருக்குப் புரியவில்லை. தான் அழித்தது இதை இல்லை என்பது மெதுவாகத்தான் உறைத்தது.

அதன்பின் எல்லாம் ஞாபகம் வந்தது. திங்கட்கிழமை திருத்த உட்கார்ந்தபோது, கைதவறி எதையாவது கெடுத்துவிடப் போகிறோம் என்று பயந்து, பக்கத்துக்கு ஒரு நகல் எடுத்து அதே பெயரில் வேறொரு ஃபோல்டரில் வைத்திருந்தார். வாரம் பூராவும் அவர் திறந்ததும், திருத்தியதும், நிறம் மாற்றியதும், முதலிலிருந்து எழுதியதும் அந்த நகலை. ஊரார் பார்க்கிற பக்கம் அடுத்த ஃபோல்டரில் இருந்தது. அவர் கை அதன்மேல் ஒருமுறைகூடப் படவில்லை.

அந்த ஃபைலைத் திறந்தார். ஒன்றை ஏழாக்கினார். குருவின் போனில் ஏழு வந்தது.

அவருக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றுவிட்டது. அவசரமாகத் தன் போனை எடுத்து அந்தப் பெண்ணின் நம்பரைத் தேடினார். குரு அவர் கையைப் பிடித்தார்.

"கூப்பிடாதீங்க."

"மன்னிப்புக் கேக்கணும்மா. கேக்கலன்னா எனக்குச் சோறு இறங்காது."

"மணி அடிக்குமே அண்ணாச்சி."

தளவாய் போனைக் கீழே வைத்தார். அப்புறம் எடுத்து, நம்பரை மாற்றிவிட்டேன், நான் பேசியது தப்பு, உங்கள் வீட்டுக்காரர் நல்லபடியாக எழுந்து வரவேண்டும் என்று சத்தமில்லாமல் எழுதி அனுப்பினார். பதில் வரவில்லை. வரவேண்டும் என்று எதிர்பார்க்கிற யோக்கியதை தனக்கில்லை என்று அவருக்கே தெரிந்திருந்தது.

மறுநாள் காலையில் மடத்தின் போன் அடித்தது. கடையநல்லூர் ரோட்டோரத்தில் ஒரு அம்மாள் தனியாக உட்கார்ந்திருக்கிறாள், பேர் கேட்டால் சொல்லத் தெரியவில்லை என்றார் ஒருவர். வேன் கிளம்பிப் போயிற்று. தளவாய் முற்றத்துக்கு வந்தார்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து வந்த அந்த மனிதரின் முன்னால் குரு உட்கார்ந்திருந்தார். போன திங்கட்கிழமை கையை மட்டும்தான் தொட விட்டார் அவர். இன்றைக்கு நகம் வெட்டக் காலையும் நீட்டியிருந்தார். தளவாயைக் கண்டதும் நீட்டிய காலை இழுத்துக்கொண்டார்.

தளவாய் அங்கேயே, தூணுக்குப் பின்னால் நின்றுவிட்டார். வெகுநேரம் கழித்து அந்தக் கால் மறுபடி மெல்ல நீண்டது.

"அம்மா, திங்கட்கிழமை கேட்டேனே. அதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல" என்றார், அந்த மனிதருக்குக் கேட்காத குரலில்.

குரு கடைசி விரலின் நகத்தையும் வெட்டி முடித்தார்.

"ஜபத்தை நிறுத்திருங்க அண்ணாச்சி. வியாழக்கிழமை விரதமும் வேண்டாம். நேத்துப் பக்கத்தை அழிச்ச மாதிரி முழுசா நிறுத்திட்டு, கோபத்துல ஏதாவது மாறுதான்னு பாத்து வந்து சொல்லுங்க."