முதல்வரின் வால்யூம்

பெயருக்கு முன்னால் இரண்டு பட்டமும் பின்னால் மூன்றும் போட்டுக்கொள்ளும் கல்லூரி முதல்வர் அருணகிரிக்கு அன்று விருந்தினர்கள் முன்னால் மானம் போனது. கருத்தரங்கில் வீடியோ ஓடியது, சத்தம் வரவில்லை. உடனே ஆய்வக உதவியாளர் பூங்காவனத்தை மைக்கிலேயே பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, துடைக்கிறேன்னு எதைத் திருகினே? காலையிலேருந்து கம்ப்யூட்டர் 'வால்யூம் ஃபுல்'னே காட்டுது. குறைச்சுக் குறைச்சுப் பூஜ்யத்துக்கே கொண்டுவந்துட்டேன், அப்பவும் அதையே சொல்லுது! அஞ்சு நிமிஷத்துல சரிபண்ணு. இல்லேன்னா நாளையிலேருந்து வராதே."

பன்னிரண்டு வருடத் தற்காலிக வேலை அந்த ஒரு சொல்லில் தொங்கியது. பூங்காவனமோ சிரிப்பை அடக்கப் பாடுபட்டார்.

"பூஜ்யத்துல வச்சா எப்படி சார் பேசும்?" என்று ஒலியை ஏற்றினார். அரங்கம் அதிர்ந்தது.

"அப்ப ஃபுல்னு சொன்னது?"

"அது சத்தத்தோட வால்யூம் இல்ல சார், ஹார்ட் டிஸ்க் வால்யூம். ஃபைலெல்லாம் சேமிக்கிற இடத்தையும் கம்ப்யூட்டர் அப்படித்தான் சொல்லும். உள்ளே இடமில்லையாம். என்னத்தைத் திணிச்சிருக்குன்னு பார்த்துடலாமே."

பெரிய திரையில் பட்டியல் விரிந்தது: 'முதல்வருக்குப் பொன்னாடை 1' தொடங்கி 'பொன்னாடை 214' வரை வீடியோக்கள். மூலையில் ஒரே ஒரு கோப்பு, 'பாடம்'.

"ஏதாவது ஒண்ணை அழிச்சாத்தான் இடம் கிடைக்கும் சார். பாடத்தையா, பொன்னாடையையா?"

"பொன்னாடையை!" என்று பின்வரிசை மாணவிகள் கத்தினார்கள்.

"அப்ப நாளைக்கு நான் வரவா சார், வேண்டாமா?"

"வாம்மா" என்றார் முதல்வர். கையிலிருந்த மைக்குக்கே அது கேட்கவில்லை.