கரிக்கோட்டுக்குள் ராஜா

வெகு காலத்துக்கு முன்னே, செம்மணூர் நாட்டைப் பூபாலவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். மனசு கெட்டவன் இல்லை. ஆனால் காலையில் ஒரு புத்தி, மத்தியானம் ஒரு புத்தி. கடைசியாக யார் காதைக் கடித்தார்களோ அவர்கள் சொன்னதே சட்டம். காதைக் கடிப்பதில் கெட்டிக்காரன் ராயசிங்கன். சபையில் பிரபு, வெளியே ஊருக்கெல்லாம் வட்டிக்கு விடுகிறவன். மந்திரி அம்பலவாணரின் ஆசனத்தின் மேல் அவனுக்கு ரொம்ப நாளாய் ஒரு கண்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். கடன் பாக்கி வைத்தவனைக் கடைத்தெருவில் நிறுத்தி, அவனைச் சுற்றிக் கரியால் வட்டமாகக் கோடு போடுவார்கள். பாக்கி தீராமல் தாண்டினால் கசையடி.

அன்றைக்குக் கோட்டுக்குள் நின்றவன், ராயசிங்கனிடம் கடன் வாங்கிய சந்தைத் தராசுக்காரன் சடையாண்டி. பொழுது சாயும்வரை அங்கே நின்றவன் கையில் அப்புறம் தராசைக் கொடுக்கமாட்டார்கள். தராசு போனால் அடுப்பு எரியாது. ஆனால் அவனுக்கு அப்போது அடுப்புகூட நினைவில்லை. நேற்றுவரை அவன் நிறுத்ததை மறுபேச்சில்லாமல் வாங்கிப்போன உப்புக்காரி, பார்க்காத மாதிரி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போனாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். தலையைத் தொங்கப்போட்டு, கால் கட்டை விரலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அரண்மனையில் மந்திரி பொறுக்கமாட்டாமல், "மகாராஜா, கணக்கைக் காட்டாமல் ஒரு மனுஷனின் மானத்தை வாங்குவது நியாயமில்லை" என்றார்.

"மந்திரியாருக்கு இளகிய மனசு. இப்படி இளகினால் நாட்டில் ஒருத்தன் கடனைத் திருப்பித் தரமாட்டான்" என்று ராயசிங்கன் குழைந்தான். "கோட்டுக்குள் கால் வைத்தவன் எவனானாலும் அந்தக் கோட்டின் கடன் தீராமல் வெளியே வரக்கூடாது என்று ஒரு கட்டளை போடுங்கள், மகாராஜா."

ராஜா உடனே முத்திரை வைத்தான். வைத்த கையோடு மந்திரியைப் பார்த்துச் சிரித்தான். "காலணா கொடுக்காமல், கோட்டை அழிக்காமல், பொழுது சாய்வதற்குள் அவனை வெளியே கொண்டுவாரும் பார்ப்போம். முடியாவிட்டால் உமது ஆசனம் ராயசிங்கனுக்கு."

அம்பலவாணர் நேரே கடைத்தெருவுக்குப் போய்க் கோட்டுக்குள் நுழைந்து சடையாண்டி பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"ஐயோ சாமி, நீங்க எதுக்கு இங்கே?"

"எவ்வளவு பாக்கியப்பா?"

"தெரியாதுங்க. வெள்ளத்திலே வீடு விழுந்தப்போ வாங்கினது. கேக்குறப்பல்லாம் குடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"கடன் ஓலையைக் காட்டு என்று கேட்க உனக்கு உரிமை உண்டு. பழைய சட்டம், இன்றும் செல்லும். ஆனால் வாங்கினவன் வாயால்தான் கேட்க வேண்டும். நான் கேட்டால் எடுபடாது. கேள்."

"வேண்டாம் சாமி. குடுக்க வக்கில்லாதவன் சாக்குச் சொல்றான்னு பேசுவாங்க. என்னாலே முடியாது." அவனுக்குக் காது மடலெல்லாம் சுட்டது.

மத்தியானம் மந்திரியோடு சொக்கட்டான் ஆடாவிட்டால் ராஜாவுக்குச் சாப்பிட்டது செரிக்காது. ஆள் வரவில்லை என்றதும் பல்லக்கில் ஏறிக் கடைத்தெருவுக்கே வந்துவிட்டான்.

"ஆட்டத்தை விட்டுவிட்டு இங்கே என்னய்யா செய்கிறீர்?"

"கோட்டைத் தாண்டினால் தங்கள் கட்டளையை மீறினதாகுமே, மகாராஜா. ஒரு ரகசியம் சொல்ல வேண்டும். உரக்கச் சொல்ல முடியாது."

ரகசியம் என்றால் ராஜாவுக்கு இருப்புக் கொள்ளாது. இரண்டே எட்டில் வந்து காதை நீட்டினான்.

"என்ன ரகசியம்?"

"தாங்களும் இப்போது கோட்டுக்குள் நிற்கிறீர்கள்."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ராஜாவின் முகம் சிவந்துபோயிற்று. ராயசிங்கன் பதறி ஓடிவந்து, "மகாராஜாவுக்கு இதெல்லாம் பொருந்தாது, வெளியே வாருங்கள்" என்றான்.

"காலையில் வைத்த முத்திரை மாலைக்குள் செல்லாமல் போனால், நாளைக்கு அதை எவன் மதிப்பான்?" என்றார் மந்திரி.

தூக்கிய காலை ராஜா கீழே வைத்தான். வெயில் மண்டையைப் பிளந்தது. ஊர்க் கண்ணெல்லாம் அவன் மேல். எங்கே பார்ப்பதென்று தெரியாமல் அவனும் கால் விரலைப் பார்த்தான். அப்போதுதான் பக்கத்தில் இன்னொரு தலை அதேபோல் தொங்குவது தெரிந்தது.

"எத்தனை நேரமாய் நிற்கிறாய்?"

"விடிஞ்சதிலேருந்துங்க."

கட்டளையில் முத்திரை வைத்த தன் கையைப் பார்க்கவே ராஜாவுக்குக் கூசியது.

"இவன் ஓலையைக் கேட்டால்தான் நாம் போக வழி பிறக்கும்" என்றார் மந்திரி.

"எனக்காகவாவது கேளப்பா" என்றான் ராஜா.

தனக்காகத் திறக்காத வாய் ராஜாவுக்காகத் திறந்தது. "ஓலையைக் காட்டுங்க" என்றான் சடையாண்டி. குரல் பிசிறியது. மறுபடி, இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னான்.

ஊர்க் கடன் ஓலைகளைக் காக்கும் ஓலைச்சாலைக் கணக்கன் கொண்டுவந்தது பாதி ஓலைதான். கடன் தீர்ந்தால் ஓலையை இரண்டாகக் கிழித்து ஒரு பாதியை வாங்கினவனிடம் கொடுப்பது வழக்கம். "போன தை மாசமே தீர்ந்துபோச்சு, மகாராஜா. மறு பாதியைத் தானே கொடுத்துடறதாப் பிரபு வாங்கிட்டுப் போனார்" என்று கணக்கன் நடுங்கினான்.

ராஜா வெளியே வந்து, ராயசிங்கனின் தோளைப் பிடித்து அதே கோட்டுக்குள் நிறுத்தினான். "கூடுதலாய் வாங்கினதை இரண்டு பங்காக வைக்கும்வரை இங்கேயே நில்." உப்புக்காரி முக்காட்டை விலக்கிக்கொண்டு, "என் ஓலையையும் காட்டுய்யா" என்று முன்னே வந்தாள். அவள் பின்னால் பாதிச் சந்தை வரிசை கட்டியது. ஓலை காட்டாமல் இனி யாரைச் சுற்றியும் கோடு போடக்கூடாது என்று அங்கேயே கட்டளை பிறந்தது. மந்திரிக்கு ஆசனமும் நிலைத்தது, முத்துமாலையும் கிடைத்தது.

தராசோடு ராஜா கொடுத்த பொற்கிழியும் வாங்கிக்கொண்டு சடையாண்டி வீட்டுக்குப் போனான். ஊரே அவனைப் பார்த்துச் சிரித்துப் பேசியது. ஆனால் வாசலில் கால் எழவில்லை. கடன் தீர்ந்தது தை மாசம். பெண்டாட்டி வெள்ளையம்மாள் தவணைக்கென்று மூக்குத்தியைக் கழற்றிக் கொடுத்தது அதற்கப்புறம், சித்திரையில்.

கிழியை அவள் கையில் வைத்தான். சேதி கேட்டிருந்த அவள் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. வெறும் மூக்கை ஒரு தரம் தடவிக்கொண்டாள்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லே?" என்றாள்.

கோட்டுக்குள் நின்றதைவிட அப்போதுதான் அவன் தலை ரொம்பக் குனிந்தது.